நன்னீர் நண்டும் சிற்றிறாலும்: நாட்டுக்கேயுரிய இரு குலங்களின் இனப்பெருக்கமும் குடித்தொகையும்

யான் இக்கல்லூரியில் உயிரியல் பயின்ற காலத்தில் எங்கள் வகுப்பு மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா சென்றது. ஓடைக்கரையிற் கிடந்த கல்லொன்றைப் புரட்டியபோது உள்ளங்கையில் அடங்கத்தக்க பெண் நண்டொன்று அகப்பட்டது. அதனை மதுசாரப் போத்தலில் இட்டுப் பெருமிதத்தோடு ஆசிரியரிடம் கொடுத்தேன். கல்லூரிக்கு மீண்டபின் ஆய்வுகூடத்தில் அதன் வயிற்று மடலை விரித்து நோக்கினோம். உள்ளே முட்டைகள் இல்லை. மிளகளவினவாய், கண்ணும் காலும் கவ்வுகாலும் குறைவற அமைந்த முழு நண்டுக் குஞ்சுகள் தாயைப் பற்றியவாறே இறந்து கிடந்தன. ஆசிரியர் எண்ணச் சொன்னார். நாற்பத்து மூன்று இருந்தன. “நாற்பத்து மூன்று குஞ்சுகளைக் கடல் ஒரு பொருட்டாக மதியாது. ஓடைக்கு அவை எத்துணைப் பெறுமதியுடையவை என்பதைச் சிந்தித்துப் பார்” என்றார் அவர். கடிந்துரைத்தாரல்லர், ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

அவ்வினாவுக்கு உரிய விடையை அறிந்துகொள்ளப் பல்லாண்டுகள் சென்றன. அன்று வகுப்பறையில் எழுந்த வினாவுக்கு இன்று இவ்விழா மலரில் விடை கூற முற்படுகின்றேன். இன்றைய மாணாக்கர் என்னைப்போலன்றி, கல்லைப் புரட்டுமுன்னரே இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே என் விருப்பம்.

கடலிற் பிறப்பும் ஓடையிற் பிறப்பும்

நண்டும் இறாலும் கிறஸ்தேசியா எனப்படும் ஓட்டுடலிகளைச் சேர்ந்தவை. இவற்றுட் பெரும்பாலானவை கடல்வாழ்வன. யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்வோம். அதன் பெண் ஒரு முறையில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். பருத்த பெண்ணாயின் பத்து இலட்சத்தையும் விஞ்சும். ஒவ்வொரு முட்டையும் மணற்றுகளினும் சிறிது பெரியது, அவ்வளவே. அதிலுள்ள கருவூண் சிலநாட்களிலேயே தீர்ந்துவிடும். ஆகவே முட்டையிலிருந்து வெளிவருவது நண்டின் உருவமன்று. சோயியா எனப்படும் நுண்ணிய குடம்பியே. அக்குடம்பி பிளாந்தன் என்னும் மிதவையுயிர்களோடு கலந்து, நீரோட்டம் சென்ற வழியே சென்று, பன்முறை தோலுரித்து, மெகலோப்பா என்னும் நிலையைக் கடந்த பின்னரே நண்டாகின்றது. இலட்சத்தில் ஒன்று எஞ்சுவதும் அரிது. எனினும் எஞ்சுவது தாய் வாழ்ந்த இடத்துக்கு வெகு தொலைவிலும் சென்று குடியேறக் கூடும்.

ஓடை நண்டின் முறை இதற்கு மாறானது. ஓடுகின்ற நீரில் மிதக்கும் குடம்பியை விட்டால் அது கடலுக்கே அடித்துச் செல்லப்படும்; அங்கே உப்புநீரில் மாண்டுபோகும். ஆதலின் நன்னீர் நண்டுகள் குடம்பிப் பருவங்கள் அனைத்தையும் முட்டைக்குள்ளேயே அடக்கிக்கொண்டன. முட்டைகள் சில பத்துக்கள் முதல் சில நூறுகள் வரையே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சில மில்லிமீற்றர் விட்டமுடையது; கருவூண் நிறைந்தது. முளையம் அதனையுண்டு முழு நண்டாக வளர்ந்து வெளிவரும். வெளிவந்த பின்னரும் குஞ்சுகள் சிலகாலம் தாயின் வயிற்று மடலுக்குள் தங்கியிருக்கும். யான் போத்தலில் இட்ட தாய் அத்தகைய நிலையில் இருந்ததொன்றே.

கடலுக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட ஒரு முறையும் உண்டு. மாக்ரோபிராக்கியம் குலத்தைச் சேர்ந்த பெரிய ஆற்றிறால் நன்னீரில் வாழ்ந்தாலும், அதன் குடம்பிகள் உவர்நீரின்றி உயிர்வாழா. 1961ஆம் ஆண்டில் மலாயாவில் ஷாஓ-வென் லிங் என்னும் அறிஞர் இதனைக் கண்டறிந்த பின்னரே அவ்விறாலை வளர்க்கும் தொழில் சாத்தியமாயிற்று. ஆகவே ஆற்றிறால் இன்னமும் கடலோடு தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. ஓடை நண்டோ அத்தொடர்பை முற்றாக அறுத்துக்கொண்டது.

ஹோர்ட்டன் சமவெளியின் சிற்றிறால்

இறால்களுள்ளும் கடற்றொடர்பைக் கைவிட்டவை உள. கரிடினா என்னும் பேரினம் அதற்குத் தக்க சான்றாகும். இவை ஓரிரு அங்குல நீளத்துக்கு மேற்படாத சிற்றிறால்கள். இவற்றின் கவ்வுகால் நுனிகளில் தூரிகை போன்ற மயிர்க்கற்றைகள் உள்ளன. அவற்றாற் கல்லிலும் இலைச்சருகிலும் படிந்த நுண்பாசியையும் மக்கலையும் துடைத்துண்ணும். இலங்கையின் கரிடினா இனங்களை ஆராய்ந்தோருள் கே. டி. அருட்பிரகாசம் அவர்களும் எச். எச். கொஸ்தா அவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்விருவரும் இணைந்து எழுதிய கட்டுரை 1962இல் வெளியாயிற்று. தமிழ் அறிஞர் ஒருவர் இத்துறையில் முன்னின்று உழைத்தமை நம் மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வினங்களுள் கரிடினா சிங்ஹலென்சிஸ் என்பது 1894இல் ஓர்ட்மன் என்னும் விலங்கியலாளராற் பெயரிடப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 2000 மீற்றருக்கும் உயர்ந்த ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைநீரே இதன் உறைவிடம். உலகின் பிற நாடெதிலும் இது இல்லை. இத்தகைய இனத்தையே நாட்டுக்கேயுரிய இனம் என்கிறோம். ‘சுதேச இனம்’ என்பது வேறு. அது இங்கு இயல்பாக வாழ்வதோடு அயல்நாடுகளிலும் வாழலாம். நாட்டுக்கேயுரிய இனமோ இங்கு அழிந்தால் உலகத்திலிருந்தே அழிந்ததாகும்.

இச்சிற்றிறாலின் வளர்ச்சியை ஆராய்ந்து பென்சி, டி சில்வா ஆகியோர் 1983இல் வெளியிட்ட கட்டுரை, இதன் குடம்பிப் பருவம் மிகவும் சுருங்கியது எனக் காட்டிற்று. பெரிய முட்டைகள் சில; குறுகிய குடம்பி வாழ்வு; பிறந்த நீரிலேயே வளர்ச்சி. நண்டும் இறாலும் வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவை. எனினும் ஓடும் நன்னீர் முன்வைத்த ஒரே இடர்ப்பாட்டுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டன.

இத்துணை இனங்கள் தோன்றியது எவ்வாறு?

இலங்கையின் நன்னீர் நண்டுகளைத் தொகுத்தாராய்ந்தவர்களுள் சி. எச். பெர்னாண்டோ அவர்களின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரை முக்கியமானது. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழு இங்கு வந்தது. அக்குழுவைச் சேர்ந்த பேர் பிரிங்க் என்பாரின் பெயராலேயே பேர்பிரிங்கியா என்னும் மலைநாட்டு நண்டுப் பேரினம் பின்னர் வழங்கலாயிற்று. அதன்பின் பீற்றர் எங், மொஹமட் பாகிர் முதலியோர் மேற்கொண்ட ஆய்வுகளால் 2005 அளவில் இலங்கையின் நன்னீர் நண்டினங்களின் தொகை ஐம்பதை எட்டிக் கடந்தது. அவற்றுள் ஏறத்தாழ அனைத்துமே நம் நாட்டுக்கேயுரியவை. இத்துணைச் சிறிய தீவில் இத்துணை இனங்கள் இருத்தல் வியப்புக்குரியது.

அதன் காரணத்தை மேற்கூறிய இனப்பெருக்க முறையிலேயே காணலாம். இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள் உள்ளன. மலைநாட்டில் ஓர் ஓடைக்கும் அடுத்த ஓடைக்கும் இடையே உயர்ந்த முகடு நிற்கும். ஒரே ஓடையின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் நீர்வீழ்ச்சி பிரித்து நிற்கும். மிதந்து செல்லும் குடம்பி இருப்பின் ஆற்றுமுகத்தின் வழியே ஓராற்றின் குலம் மற்றோராற்றின் குலத்தோடு கலந்திருக்கும். குடம்பி இல்லாமையால் குஞ்சு தாயின் கல்லிடுக்கிலிருந்து சில அடி தூரமே நடந்து குடியேறும். தலைமுறை தலைமுறையாக ஒவ்வோர் ஓடையின் குலமும் தனித்தே பெருகிற்று. பரம்பரை மாற்றங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழியின்றி அவ்வவ்விடத்தே திரண்டன. நீண்டகாலத்தில் தனித்தனி இனங்கள் உருவாயின.

இந்தியப் பெருநிலத்தோடும் இதே நிலைதான். கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலங்களில் இலங்கையும் தென்னிந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. ஆதலின் இரு நாட்டு விலங்குகளும் பெரிதும் ஒன்றேயாகும் என முன்னர்ப் பலர் கருதினர். 2004இல் ‘ஸயன்ஸ்’ என்னும் ஆய்வேட்டில் பொசூட் முதலியோர் வெளியிட்ட பரம்பரையியல் ஆய்வு, நன்னீர் நண்டு உட்படப் பல விலங்குக் குலங்களில் இலங்கையின் கிளை நீண்டகாலமாகத் தனித்து நின்றதெனக் காட்டிற்று. நிலப்பாலம் இருந்தும் ஈரக்காட்டு உயிர்கள் பல அதனைக் கடக்கவில்லை.

குடித்தொகைக் கணக்கு

இனி, ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். ஒரு குலத்தின் தொகை கூடாமலும் குறையாமலும் நிற்க வேண்டுமாயின், ஒவ்வொரு பெண்ணுக்கும் பதிலாகச் சராசரியில் ஒரு மகள் முதிர்வடைந்து இனம்பெருக்குதல் வேண்டும். கணக்கை எளிதாக்குதற்பொருட்டு ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே முறை முட்டையிடுவதாகக் கொள்வோம். பத்து இலட்சம் முட்டையிடும் கடல் நண்டுக்கு ஐந்து இலட்சம் மகள்கள். அவர்களுள் ஒருத்தி எஞ்சினாற் போதும். ஐம்பது முட்டையிடும் ஓடை நண்டுக்கு இருபத்தைந்து மகள்கள். அவர்களுள் ஒருத்தி எஞ்ச வேண்டும். ஓடை நண்டின் குஞ்சுக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பு இருபதாயிரம் மடங்கு கூடுதலாதல் இதனாற் புலனாகும். தாய் கொடுத்த கருவூணும் பாதுகாப்பும் இவ்வாய்ப்பின் விலையாகும்.

இப்போது ஓடையில் நீர் கலங்கியோ, புதுப் பகை தோன்றியோ இவ்வாய்ப்பு பாதியாகிவிட்டது என்க. ஆயிரம் பெண்கள் அடுத்த தலைமுறையில் ஐந்நூறாவர். அதன்பின் இருநூற்றைம்பது, நூற்றிருபத்தைந்து, அறுபத்திரண்டு. ஐந்தாந் தலைமுறையில் முப்பத்தொருவரே எஞ்சுவர். கடல் நண்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும் என மாணாக்கர் வினவலாம். உண்மையே. ஆனால் இருவகையில் வேற்றுமை உண்டு.

முதலாவது, மீட்சியின் விரைவு. இடர் நீங்கியபின், கடல் நண்டின் ஐந்து இலட்சம் மகள்களில் ஒருத்திக்குப் பதிலாகப் பத்துப் பேர் பிழைத்தாலும் ஒரே தலைமுறையில் தொகை பத்து மடங்காகும். ஓடை நண்டு இருபத்தைந்தில் பத்தைப் பிழைப்பித்தல் எளிதன்று. மூன்றோ நான்கோ பிழைத்தால் அதுவே பெரிது. இரண்டாவது, வரவு. ஒரு கடற்பரப்பில் நண்டு அருகினாலும் அயற்பரப்பிற் பிறந்த குடம்பிகள் நீரோட்டத்தோடு வந்து குடியேறும். ஓடைக்கு அவ்வாறு வருவார் எவருமிலர். முகட்டுக்கு அப்பாலுள்ள ஓடையில் நண்டு இருப்பினும் அது வேறினமாயிருக்கக் கூடும்.

1967இல் மக்ஆதர், வில்சன் என்னும் இரு அறிஞர்கள் தீவுகளின் உயிர்ப்பரம்பலைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். மிகுதியாய்ப் பெருகி விரைவிற் பரவும் வாழ்க்கைமுறையையும், நிறைந்த இடத்திற் சிலவற்றை நன்கு வளர்த்துவிடும் வாழ்க்கைமுறையையும் அவர்கள் அதிலே வேறுபடுத்திக் காட்டினர். தீவைப் பற்றி அவர்கள் கூறியன ஓடைக்கும் பொருந்தும். ஈரக்காட்டினூடே செல்லும் மலையோடை ஒவ்வொன்றும் நன்னீர் நண்டுக்கு ஒரு தீவே.

ஆகவே, எந்தக் காரணம் இந்நாட்டுக்கு ஐம்பது வகை நண்டுகளைத் தந்ததோ, அதே காரணமே அவற்றை எளிதில் அழியத்தக்கனவாகவும் வைத்துள்ளது. தாயை விட்டு அகலாத பிறப்பினாலேயே இனங்கள் பலவாயின. அதனாலேயே ஒவ்வோரினத்தின் உலகமும் ஒரு பள்ளத்தாக்காகச் சுருங்கிற்று. இக்கட்டுரையில் யான் கூற விழைந்தது இவ்வொன்றே.

கொல்லாமல் எண்ணுதல்

ஓர் ஓடையில் எத்தனை நண்டுகள் உள்ளன என்பதைக் கண்டறிதல் எவ்வாறு? பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மீண்டும் பிடிக்கும் முறை பழமையானது. முதல் நாளில் 40 நண்டுகளைப் பிடித்து அடையாளமிட்டு விடுகிறோம் என்க. சிலநாட் கழித்து 50 பிடிக்கிறோம். அவற்றுள் 10 அடையாளமுள்ளவை. பிடிபட்டவற்றில் ஐந்திலொன்று அடையாளமுள்ளதாயின், ஓடையிலுள்ள நண்டுகளில் நம் 40உம் ஐந்திலொரு பங்காதல் வேண்டும். எனவே மொத்தத் தொகை ஏறத்தாழ 200.

இம்முறையில் ஓட்டுடலிகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நண்டு வளர்வதற்கு ஓட்டைக் கழற்றவேண்டும். ஓட்டில் இட்ட அடையாளம் கழன்ற ஓட்டோடு போய்விடும். அவ்வாறாயின் அடையாளமுள்ளவை குறைந்து தோன்றும். நாம் கணிக்கும் தொகை மெய்யான தொகையிலும் மிகுந்து காணப்படும். அருகிவரும் இனத்தைப் பெருகியிருப்பதாகத் தவறாக எண்ணுதல் பெருங்கேடு. ஆதலின் இரு பிடிப்புகளுக்கும் இடையே நெடுங்காலம் செல்லவிடலாகாது.

தொகை மட்டும் போதாது. ஒவ்வொரு நண்டின் ஓட்டகலத்தையும் அளந்து, அளவு வாரியாக வரைபடமிட்டால் குஞ்சு, இளையது, முதிர்ந்தது என்னும் பகுதிகள் தெரியவரும். முதிர்ந்தவை மட்டுமே இருந்து குஞ்சுகள் காணப்படாவிடின், அக்குலம் தொகையிற் பெரிதாயினும் எதிர்காலம் அற்றது. ஆண் பெண் வேறுபாட்டை அறிய அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆணின் வயிற்று மடல் ஒடுங்கியது. முதிர்ந்த பெண்ணின் மடல் அகன்று, மார்புப்புறத்தை மூடிநிற்கும். மடலை விரல்நுனியால் மெல்ல உயர்த்தினால் முட்டையோ குஞ்சோ உளதா என்பதும் தெரியும். மாதந்தோறும் முட்டை தாங்கிய பெண்களின் வீதத்தைக் குறித்துவந்தால் இனம்பெருக்கும் பருவம் எதுவென்பதும் வெளிப்படும். இவையனைத்தையும் ஒரு வாளி, ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு செய்யலாம். உரிய அனுமதி பெற்று, பிடித்ததைப் பிடித்த கல்லடியிலேயே விடுதல் முதல் விதியாகும்.

இடர்கள்

மலைநாட்டின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிருக்காகப் பேரளவில் வெட்டப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் அந்நிலங்களிலே தேயிலை பரவிற்று. காடு மறைந்தபோது ஓடைக்கு நிழல் மறைந்தது, சருகு குறைந்தது, மண் கரைந்து கல்லிடுக்குகளை நிரப்பிற்று. பயிர்க்கொல்லி மருந்துகளும் மழைநீரோடு ஓடையிற் சேரலாயின. சருகைத் துண்டாக்கி உண்டு ஓடையின் பிற உயிர்களுக்கும் உணவு கிடைக்கச் செய்வது நண்டே. நீர்நாய், மீன் ஆந்தை, கொக்கு முதலியவற்றுக்கு நண்டே இரையுமாகும். நண்டு குறைய இத்தொடர் முழுவதும் தளர்கின்றது.

ஹோர்ட்டன் சமவெளியில் வேறோர் இடர் நேர்ந்தது. தூண்டில் விளையாட்டின்பொருட்டு ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் டிரவுட் என்னும் அயல்நாட்டு மீன் மலைநாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. அம்மீன் ஓட்டுடலிகளை விரும்பியுண்பது. நெடுங்காலம் அத்தகைய பகையை அறியாத நீரில், சில முட்டைகளையே இடும் சிற்றிறால் அதனை எதிர்கொள்ள நேர்ந்தது. கரிடினா சிங்ஹலென்சிஸின் சூழலியலையும் பாதுகாப்பையும் பற்றி கே. எச். ஜி. எம். டி சில்வா அவர்கள் 1982இல் எழுதிய ஆய்வு இவ்வினத்தின் நிலையை உலகறியச் செய்தது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டமை சிறிது ஆறுதலளிப்பது.

நன்னீர் நண்டுகளின் நிலையை 2009இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு தெளிவாக்கிற்று. அதன்படி, இலங்கையின் 50 இனங்களுள் 40 அழிவு அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை. அப்பட்டியலில் இத்துணைக் கூடிய வீதம் பிற நாடுகளுக்கு இல்லை. இலங்கையின் நண்டுகள் பிற நாட்டு நண்டுகளிலும் வலிமை குன்றியவை என்பது இதன் பொருளன்று. இங்குள்ள இனங்களின் வாழிடம் குறுகியது. அக்குறுகிய இடமும் மனிதன் விரும்பிய ஈரவலயத்திலேயே அமைந்துவிட்டது.

முடிவுரை

காப்பு முறையும் இக்கணக்கிலிருந்தே பிறக்கும். கடல் நண்டுக்கு முட்டை தாங்கிய பெண்ணைப் பிடியாது விடுதலும், பரந்த கடற்பரப்பைப் பேணுதலும் வேண்டும். ஓடை நண்டுக்கோ அதன் ஓடையையே பேணவேண்டும். பெரியதோர் ஆற்றைக் காத்துவிட்டு ஐம்பது சிற்றோடைகளைக் கைவிட்டால் ஐம்பது இனங்களும் பிழையா. ஓடையின் இருகரையிலும் சிலயார் அகலத்துக்கு மரம் நிற்கவிடுதல், அவ்விடத்தே நஞ்சு தெளியாதிருத்தல், அயல்மீனை விடாதிருத்தல் ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. தோட்டத்துத் தொழிலாளரும் கமக்காரரும் தம் வாசலில் ஓடும் நீரில் உலகில் வேறெங்குமில்லாத ஓருயிர் வாழ்வதை அறிவாராயின், காப்போர் தொகை தானே பெருகும். அதனை அவர்களுக்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடமை.

நாற்பத்து மூன்று குஞ்சுகள் ஓடைக்கு எத்துணைப் பெறுமதியுடையவை என்று எங்கள் ஆசிரியர் வினவினார். யான் மேலே இட்ட கணக்கின்படி, ஒரு தாயின் இடத்தை நிரப்புதற்கு அவ்வளவு குஞ்சுகள் வேண்டும். அப்பெண்ணையும் அவள் குஞ்சுகளையும் ஒருங்கே எடுத்ததனால் அவ்வோடையின் ஓரிடத்தை வெறுமையாக்கினேன். அதனை நிரப்ப வேறோர் ஓடையிலிருந்து எவரும் வரார். மாணாக்கர்களே, நீங்களும் கல்லைப் புரட்டுங்கள்; பாருங்கள், அளவுங்கள், எழுதுங்கள். பின்னர் நண்டை அதன் இடத்தில் விட்டு, கல்லை முன்பிருந்தவாறே வையுங்கள்.